வாவியின் ஓரத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. 2018இல் கொழும்புக்கு, ஈரநிலங்களைக் காப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. பேரே வாவி, தியவன்னா, தலங்கம என்று நம்மைச் சுற்றி நீர்தான். இவற்றின் நலத்தை அதிகாரிகள் மட்டும் கவனித்தால் போதாது. கரையில் தினமும் நடக்கிற நீங்களும் பார்க்க வேண்டும், பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

வாவி என்றதும் நடுநீர்தான் நினைவுக்கு வருகிறது. உயிர்கள் நெருங்கி வாழ்வதோ ஓரத்தில். தலங்கமவில் கோரைத் தண்டுகளை உற்றுப் பாருங்கள். தும்பி கழற்றிவிட்ட தோல் எதிலாவது ஒட்டியிருக்கும். மண் நிறம், முதுகில் ஒரு பிளவு, அதற்குள் மெல்லிய வெள்ளை நூல்கள். நீருக்குள் வளர்ந்த குடம்பி தண்டைப் பற்றி ஏறித்தான் சிறகு விரிக்கிறது. பறக்கிற தும்பி எங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்தத் தோலோ, அது இந்த நீரிலேயே வளர்ந்ததற்குச் சாட்சி. கொம்பனித்தெருப் பக்கம் பேரே வாவிக்கு வாருங்கள், நெடுந்தூரம் கட்டுச்சுவர். கோரை எங்கே வேர்விடும்? எவ்வளவு தூரம் சுவர், எவ்வளவு தூரம் செடி என்பதையும் குறியுங்கள்.

வேலை எளிது. ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், மாதந்தோறும் படம் எடுங்கள். வட்டத் தகரமூடி ஒன்றில் கறுப்பும் வெள்ளையும் பூசி, கல் கட்டி, அளவு குறித்த கயிற்றில் இறக்குங்கள். மூடி மறையும் ஆழம்தான் நீரின் தெளிவு. 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் செய்து பார்த்த முறை இது.

முடிந்தால் விடியற்காலையில் போங்கள். கழிவுநீரோடு வரும் பொசுபரசைத் தின்று பெருகும் அல்காக்கள், அதாவது நுண்ணிய பாசிகள், பகலில் ஒட்சிசனைத் தருகின்றன. இரவில் அவையும் சுவாசிப்பதால் விடியும்போது நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே நேரத்தோடு எழுதுங்கள். பச்சைப் பாசி படர்ந்த நீரில் கை வைக்க வேண்டாம், பிள்ளைகளையும் விடாதீர்கள். பேரே வாவியில் காணப்படும் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நஞ்சு சுரக்கக்கூடியது.

ஒரு மாற்றமும் தெரியாத நாளையும் விடாமல் எழுதுங்கள். மீன்கள் செத்து மிதக்கும் அன்று “எப்போதிருந்து நீர் இப்படி?” என்று கேட்பார்கள். அப்போது எடுத்துக் காட்ட உங்கள் கொப்பி வேண்டும்.