பொங்கி வந்த சொல்

அனைவருக்கும் வணக்கம்.

‘எக்ஸிமா’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால், நோயாளி கேட்கும் முதல் கேள்வி, “அப்படின்னா என்ன டாக்டர்?” இரண்டாவது கேள்வி குரலைத் தாழ்த்தி வரும்: “ஒட்டிக்குமா?” இந்த இரண்டையும் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன்.

எக்ஸிமா ஒரு தோல் நோய்; அந்தப் பெயர் கிரேக்கச் சொல். ‘எக்’ என்றால் வெளியே. ‘ஸெய்ன்’ என்றால் கொதித்தல். சேர்த்துச் சொன்னால், பொங்கி வெளியே வருவது. 1756-இல் சுவீடன் நாட்டுக் கனிம அறிஞர் குரோன்ஸ்டெட் ஒரு கல்லைச் சூடாக்கினார். அதற்குள் இருந்த நீர் கொதித்து நுரைத்தது. ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் அதற்கு ஸியோலைட் என்று பெயர் வைத்தார். அந்தக் கல்லுக்கும் நம் தோல் நோய்க்கும் வேர்ச்சொல் ஒன்றே!

6-ஆம் நூற்றாண்டில் அமிடா நகரத்து மருத்துவர் ஏட்டியஸ் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். பிற்காலத்தில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன், தோல் நோய்களைக் கண்ணுக்குத் தெரியும் வடிவத்தை வைத்தே வகை பிரித்தார். அவருடைய மாணவர் தாமஸ் பேட்மன் 1813-இல் வெளியிட்ட நூலில், எக்ஸிமா சிறு கொப்புள நோய்களின் வரிசையில் இருக்கிறது.

புதிதாக வந்த ஒரு திட்டைக் கிட்டத்தில் பாருங்கள். சிவந்த தோலில் குண்டூசித் தலையளவு நீர்க்கொப்புளங்கள். சொறிந்தால் உடைந்து நீர் கசியும். காய்ந்தால் மஞ்சள் பொருக்கு. நுண்ணோக்கியில் பார்த்தாலும் அதே கதைதான்: மேல்தோல் செல்களுக்கு இடையே நீர் புகுந்து அவற்றை விலக்கியிருக்கும், நனைந்த பஞ்சு மாதிரி. நுண்ணோக்கியே இல்லாத காலத்தில் ‘பொங்குது’ என்று சொன்னவர்களின் கண்ணை எண்ணி நான் வியக்காத நாளில்லை.

ஆனால் அந்தச் சொல் தோற்றத்தைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. இதற்கு மருத்துவர்கள் சொல்லும் இன்னொரு பெயரான ‘டெர்மடைட்டிஸ்’ என்பதும் அப்படித்தான். தோல் அழற்சி, அவ்வளவே. காரணம் பிடிபடாத தவிப்பை வெளிப்படையாகச் சொன்ன சொல் ஒன்று உண்டு. 1923-இல் கோகா, குக் என்ற இரு மருத்துவர்கள், குடும்ப வழியில் வரும் ஆஸ்துமா போன்ற ஒவ்வாமைகளுக்குப் பெயர் தேடி, கொலம்பியா பல்கலைக்கழகத்து கிரேக்கப் பேராசிரியர் எட்வர்ட் பெரியிடம் போனார்கள். அவர் தந்தது ‘அடோபி’. இடம் தப்பியது, விசித்திரமானது என்று பொருள். 1933-இல் வைஸ், சுல்ஸ்பெர்கர் இருவரும் அதைத் தோலுக்குக் கொண்டுவந்து ‘அடோபிக் டெர்மடைட்டிஸ்’ என்றார்கள்.

சரி, இரண்டாவது கேள்விக்கு வருவோம். தமிழில் இதைக் கரப்பான் என்கிறோம். ஆனால் பேச்சில் படை, சொறி, சிரங்கு எல்லாம் ஒன்றாகிவிடுகின்றன. படை பூஞ்சையால் வருவது; ஒட்டும். உண்ணி போன்ற நுண்பூச்சி தோலுக்குள் புகுந்து வரும் சொறிசிரங்கும் ஒட்டும். கரப்பான் ஒட்டாது. பெயர் மாறினால் மருந்தும் மாறிப்போகும். கரப்பானுக்குத் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் படைக்குத் தடவினால், அரிப்பு சில நாள் அடங்கும். பூஞ்சையோ உள்ளுக்குள் பரவும், படையின் அடையாளமான வட்டத்தின் விளிம்பும் மங்கிவிடும். அப்புறம் பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் தெரியாது.

அதனால்தான் “ஒட்டிக்குமா?” என்று கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றச் சொல்லி விளிம்பைப் பார்ப்பேன். கரப்பான்தான் என்று உறுதியானதும், அந்தக் காய்ந்த திட்டின் மேல் வெறும் விரலை வைத்தபடியே சொல்வேன்: “ஒட்டாதும்மா. பிள்ளையைப் பக்கத்திலேயே படுக்க வையுங்கள்.”