அம்மைக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கு?

நேயர்களுக்கு வணக்கம். வெயில் ஏறத் தொடங்கினால் புதுச்சேரியில் நாங்கள் தினமும் கேட்பது இதுதான்: "டாக்டர், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுங்க."

சின்னம்மை வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவைத்தான் கொல்லும். அப்புறம் எப்படி "கொடுத்தோம், சரியாப் போச்சு" என்கிறார்கள்? கொப்புளம் மூன்று நான்கு நாள் புதிது புதிதாகக் கிளம்பும், பிறகு தானாகக் காயத் தொடங்கும், காய்ச்சலும் விடும். இரண்டாம் நாள் மருந்து கொடுத்தால் நான்காம் நாள் பெயர் மருந்துக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

வில்லியனூர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா கையில் ஒரு ஆன்டிபயாட்டிக் பாட்டில். மூத்தவனுக்கு எப்போதோ சளிக்கு வாங்கி, ஃபிரிஜ்ஜில் மிச்சம் கிடந்தது. தண்ணீர் கலந்துவிட்டால் அந்த மருந்துக்கு ஆயுளே ஒன்று, இரண்டு வாரம்தான். ஆயாவோ, "ஆத்தா எறங்கியிருக்கறப்போ மருந்தே கூடாதுப்பா" என்று குறுக்கே நின்றார். அந்த பாட்டில் விஷயத்தில் ஆயா ஜெயித்தார் என்று தீர்ப்புச் சொன்னேன். அப்புறம் குழந்தையின் விரலைப் பார்த்தேன். நீள நகம், அடியில் கறுப்பாக அழுக்கு. வயிற்றில் சொறிந்து உடைத்த கொப்புளங்கள். "தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நகம் வெட்டக் கூடாது" என்றார் ஆயா.

இங்கேதான் எனக்குச் சண்டை. நகம், நகம், நகம்! கூட வேலை செய்பவர்களே என்னைக் கேலி செய்வார்கள். பாக்டீரியா நுழைவது பெரும்பாலும் சொறிந்த புண் வழியாகத்தான். அதனால் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வேப்பிலை போட்ட தண்ணீரா? போடுங்கள், ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆயா கொஞ்சம் யோசித்துவிட்டு, நர்ஸிடம் நகவெட்டி கேட்டார்.

சரி, ஆன்டிபயாட்டிக் எப்போதுதான் வேண்டும்? விட்ட காய்ச்சல் திரும்பினால், கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினால், சூடாக வீங்கி வலித்தால், குழந்தை காலை ஊன்ற மறுத்தால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியா புண்ணில் புகுந்திருக்கலாம். அப்போது நானே எழுதித் தருவேன். கொப்புள நீர் லேசாக மங்குவது மட்டும் என்றால் அது இயல்பு. அதைச் சீழ் என்று நினைத்து மெடிக்கலுக்கு ஓடாதீர்கள். மூச்சு வாங்கினால், வாந்தி ஓயாவிட்டால், பிள்ளை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தால் நேரே ஆஸ்பத்திரி.

காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின் கூடவே கூடாது. மூளையையும் ஈரலையும் பாதிக்கும் ஒரு கோளாறு அதனால் வரக்கூடும். இபுபுரூஃபனும் வேண்டாம்.

நேரம் முடிந்ததென்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். தடுப்பூசி பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன், நேரத்தை நகம் தின்றுவிட்டது. 15 மாதத்தில் முதல் ஊசி, மூன்று மாதம் கழித்து இரண்டாவது. தேசிய இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, குழந்தை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இதுவரை அம்மை வராத கர்ப்பிணி இருந்தால் அவரும் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். வணக்கம்.