அந்த இரண்டு மலைகளையும் பலகையிலிருந்து அழியுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"குழந்தைகளின் ஓவிய வகுப்பில் முதலில் வர வேண்டியது முறையான பயிற்சியா, கற்பனைச் சுதந்திரமா?" என்பது தலைப்பு. கற்பனைதான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவி "சித்திரமும் கைப்பழக்கம்" என்று ஆரம்பித்தார். கோடு, வட்டம், அளவு, நிழல் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கற்பனை என்று முடித்தார். நல்ல கைதட்டல். நானும் தட்டினேன். கைப்பழக்கம்தான் அம்மா, யார் மறுத்தது? கை எதற்குப் பழகுகிறது என்பதுதான் என் கேள்வி.

நடுவர் அவர்களே, உங்களிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் என்ன வரைவீர்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன். அங்கிருந்து ஓர் ஆறு வளைந்து வரும். கரையில் ஒரு வீடு, வானத்தில் 'டிக்' போட்ட மாதிரி நாலு பறவை. நீங்கள் சிரிக்கிறீர்கள், அவையும் சிரிக்கிறது. ஏனென்றால் எல்லாரும் இதையேதான் வரைந்திருக்கிறோம். மலையை நேரில் பார்க்காதவர்களும் வரைந்தோம். சூரியனிலிருந்து ஆறு எப்படிக் கிளம்புகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆசிரியர் பலகையில் போட்டார், நாம் தாளில் இறக்கினோம். கை நன்றாகத்தான் பழகியது, நகலெடுக்க.

செய்து காட்டுவதில் என்ன தப்பு என்று கேட்கலாம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். எலிசபெத் பொனாவிட்ஸும் அவருடைய குழுவினரும் சின்னக் குழந்தைகளிடம் ஒரு பொம்மையைக் கொடுத்தார்கள். அதில் கண்டுபிடிக்கப் பல வித்தைகள் ஒளிந்திருந்தன. சிலருக்கு மட்டும், "இது இப்படித்தான் வேலை செய்யும்" என்று பெரியவர் ஒரு வித்தையைச் செய்து காட்டினார். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் அதையே திரும்பத் திரும்பச் செய்தார்கள், மற்ற வித்தைகளைக் குறைவாகவே கண்டுபிடித்தார்கள். தெரியாமல் கை பட்டது போலப் பெரியவர் நடித்தபோது, குழந்தைகள் இன்னும் அதிகமாகத் துழாவினார்கள். செய்து காட்டியதையே திரும்பச் செய்த குழந்தைகள் மக்கு இல்லை. பெரியவர் இவ்வளவுதான் காட்டினார் என்றால் இவ்வளவுதான் இருக்கும் என்று புத்திசாலித்தனமாக முடிவுகட்டினார்கள். பலகையில் இருக்கும் அந்த மலையும் குழந்தையிடம் இதையேதான் சொல்கிறது.

சரி, பலகையை அழித்துவிட்டால் குழந்தை என்ன வரையும்? தலையிலிருந்து நேராகக் கால் முளைத்த மனிதனை வரையும். வீட்டுச் சுவர் வழியே உள்ளே தூங்கும் பூனையைக் காட்டும். அம்மாவின் வயிற்றுக்குள் தம்பிப் பாப்பாவை வைக்கும். நாம் சிவப்பு மையால் திருத்தத் துடிக்கும் இடம் இதுதான். ஆனால் பிரெஞ்சு ஆய்வாளர் லூகே 1927-இலேயே இதை விளக்கிவிட்டார்: குழந்தை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. பூனை உள்ளே இருப்பது அதற்குத் தெரியும், அப்புறம் சுவர் எதற்கு மறைக்க வேண்டும்? அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எழுத்து தெரியாமல் கவிதை எழுத முடியுமா?" என்றும் எதிரணி கேட்டது. தாலாட்டு கட்டிய பாட்டிகளில் எத்தனை பேருக்கு எழுத்து தெரியும்? அடுத்ததற்குப் போகிறேன்.

எதிரணி சொல்லாமல் விட்ட வலுவான வாதம் ஒன்று உண்டு. அதையும் நானே சொல்கிறேன். ஒன்பது, பத்து வயதில் பல குழந்தைகள் தாளைக் கசக்கிவிட்டு "எனக்கு வரைய வராது" என்கிறார்கள். குதிரை குதிரை மாதிரியே இருக்க வேண்டும் என்ற ஆசை வரும் வயது அது. அதை ஒரு தனிப் பருவமாகவே குறித்தார் கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட். அங்கே வெறும் சுதந்திரம் போதாது. "உனக்குத் தோன்றியதை வரை" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்ளும் ஆசிரியருக்காக நான் வாதாட வரவில்லை. அந்த வயதில் தூரத்தை எப்படிக் காட்டுவது, நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். குதிரையைப் பாய வைக்க வேண்டும் என்ற தவிப்பு முதலில் வந்தது, முழங்கால் எப்படி மடங்கும் என்ற கேள்வி அதன் பின்னால் வந்தது. தவிப்பே இல்லாத பிள்ளைக்கு முழங்காலைச் சொல்லித்தந்தால் அதுவும் ஒரு வீட்டுப்பாடம், அவ்வளவுதான்.

அப்படியானால் ஆசிரியருக்கு என்ன வேலை என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. "மழை வரைங்க" என்று சொன்னால் நாற்பது பேரும் குடை வரைவார்கள். "மழை பெய்யும்போது எறும்பு எங்கே நிற்கும், அங்கிருந்து என்ன தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு இலை கூரையாகும், இன்னொரு பிள்ளைக்கு ஒரு சொட்டு வீட்டை விடப் பெரிதாக விழும். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும் கொடுத்து, சாயங்கால வானத்தின் நிறத்தை நீயே கலந்து கண்டுபிடி என்று சொல்லலாம். இது கட்டுப்பாடுதான். ஆனால் யோசிக்க வைக்கும் கட்டுப்பாடு. படத்தைப் பார்த்து "என்ன இது?" என்று கேட்காமல் "இதைப் பற்றிச் சொல்லு" என்றால் பிள்ளை கதையே சொல்லும். முக்கியமாக, பிள்ளையின் தாளில் ஆசிரியர் பென்சிலை வைக்கவே கூடாது. திருத்திக் காட்ட வேண்டுமானால் வேறு தாளில் காட்டட்டும்.

போட்டி, பரிசு என்று வைத்தால் ஆர்வம் வரும் என்றார்கள். 1973-இல் உளவியல் ஆய்வாளர் லெப்பரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே ஆசையாக வரைந்துகொண்டிருந்த மழலையரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று சொல்லிவைத்து வரையச் சொன்னார்கள். பிறகு பரிசுப் பேச்சே இல்லாத நேரத்தில் பார்த்தால், பரிசே பெறாத பிள்ளைகள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் இவர்கள் வரைந்தார்கள்.

கடைசியாக ஒருவர். 1897-இல் வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் குழந்தைகளுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கினார். பெரியவர்களின் மாதிரியைப் பார்த்து வரைய வேண்டாம், உங்களுக்குத் தோன்றியதை வரையுங்கள் என்றார். அவருடைய வகுப்புப் படங்களிலும் ஒரே சாயல் தெரிகிறது என்ற விமர்சனம் பின்னால் எழுந்தது. எதிரணி இதைப் பிடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். தாராளமாகப் பிடிக்கட்டும். சுதந்திரம் கொடுத்தவரின் ரசனையே பிள்ளைகள் தாளில் இவ்வளவு இறங்கும் என்றால், மாதிரியைப் பலகையில் போட்டு "இதே மாதிரி" என்று சொல்பவரின் வகுப்பு என்ன ஆகும்?

மணி அடிக்கப் போகிறது. அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். உங்கள் வகுப்பில் நாற்பது படங்களைச் சுவரில் ஒட்டி, பெயர்களை மறைத்துவிடுங்கள். எது எந்தப் பிள்ளையுடையது என்று உங்களால் சொல்ல முடியுமா? முடியாது என்றால், அந்த நாற்பதையும் வரைந்தது யார்?

நன்றி, வணக்கம்.