தண்டியடிகள் கட்டிய கயிறு

திருவாரூரில் கணினி படிக்கும் மாணவர்களும் இ-சேவை மையம் நடத்துபவர்களும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது. பேச்சை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

எல்லாருக்கும் வணக்கம். மைக் எங்கே இருக்கிறது என்று ஒரு தம்பி என் கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டிவிட்டார். அதனால் உங்களைப் பார்த்துத்தான் நிற்கிறேன் என்று நினைக்கிறேன். சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் முன்வரிசைக்காரர்கள் தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

இந்த ஊரில் பார்வையில்லாதவன் பேச எழுந்தால், அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான தண்டியடிகளைச் சொல்லாமல் ஆரம்பிக்க முடியாது. நம் கோயில் குளம் கமலாலயம் உங்களுக்குத் தெரியும். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்வார்கள். ஒரு காலத்தில் அந்தக் குளம் இடம் குறைந்து சுருங்கிக் கிடந்தது என்கிறார் சேக்கிழார். பிறவியிலேயே பார்வையில்லாத தண்டியடிகள் அதைத் தோண்டிப் பெரிதாக்கக் கிளம்பினார். எப்படி? குளத்துக்குள் ஒரு தறி, அதாவது கம்பு, நட்டார். கரையில் ஒரு தறி நட்டார். இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். மண்ணைக் கூடையில் அள்ளி, கயிற்றைத் தடவிக்கொண்டே மேலேறிக் கொட்டிவிட்டு, தடவிக்கொண்டே இறங்கினார்.

கதை சொல்கிறவர்கள் கடைசியில் அவருக்குக் கண் கிடைத்ததைத்தான் விரித்துச் சொல்வார்கள். எனக்கு மனசு நிற்பது கயிற்றில். கையைப் பிடித்துக் கூட்டிப்போக அவர் யாரையும் கூப்பிடவில்லை. தன் வேலையைத் தானே செய்ய என்ன வேண்டுமோ அதைக் கட்டிக்கொண்டார். நீங்கள் எழுதப்போகிற இணையதளத்திலும் செயலியிலும் நான் கேட்பது அந்தக் கயிறு ஒன்றைத்தான்.

சரி, நாங்கள் போன் பார்ப்பது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்று ஒன்று இருக்கிறது. கணினியில் என்.வி.டி.ஏ. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் திரைவாசிப்பான்கள் இவை. என்.வி.டி.ஏ.வை 2006-ல் எழுத ஆரம்பித்தவர் மைக்கேல் கர்ரன் என்ற ஆஸ்திரேலியர். அவருக்கும் பார்வை கிடையாது. விலைக்கு விற்ற திரைவாசிப்பான்கள் எங்களைப் போன்றவர்கள் கிட்டே போக முடியாத விலையில் இருந்த காலம் அது. இவர் இலவசமாகவே கொடுத்தார். அவரும் தன் கயிற்றைத் தானே கட்டியவர்தான்.

இந்தத் திரைவாசிப்பானுக்கும் கண் கிடையாது. நீங்கள் பார்க்கிற வண்ணமும் படமும் அதற்குத் தெரியாது. அடியில் நீங்கள் எழுதிவைத்த நிரலைத்தான் அது படிக்கிறது. தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருந்தால், எச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுவேன். எழுத்தை வெறுமனே பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்திருந்தால் உங்களுக்கு அது தலைப்பு, எனக்கு இன்னொரு வரி. பட்டனுக்குப் பெயர் வைத்திருந்தால் 'பணம் அனுப்பு' என்று சொல்லும். வைக்காவிட்டால் 'பட்டன்' என்று மட்டும் சொல்லும். ஒரு பக்கத்தில் எட்டு பட்டன் இருந்தால் பட்டன், பட்டன், பட்டன் என்று எட்டு முறை. அதில் எது பணத்தை அனுப்பும், எது கணக்கையே அழிக்கும் என்று குருட்டாம்போக்கில் அழுத்திப் பார்க்க வேண்டியதுதான். இந்தச் சொல்லை நான் சொல்லலாம், உரிமை இருக்கிறது.

பெயர் வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வரி. அவ்வளவுதான்.

எங்களுக்கு ஆறு மா நிலம் இருக்கிறது. பட்டா நகல் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து எடுத்துவிடலாம் என்று பையன் சொன்னான். எல்லாம் நன்றாகப் போனது, கேப்சா வரும் வரைக்கும். கோணல்மாணலாக எழுத்தைப் படமாகப் போட்டு, 'நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்' என்கிறது. அறுபது வயதில் அதை நிரூபிக்க முடியாமல் எழுந்து இ-சேவை மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த தம்பி தங்கமானவர். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாம் செய்து கொடுத்தார். ஆனால் ஓ.டி.பி.யை நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். பாஸ்வேர்டையும் சொல்ல வேண்டும். பின்னால் பயிர்க் காப்பீட்டுக்கு வந்த பத்துப் பேர் நிற்கிறார்கள். என் பாஸ்வேர்டு இப்போது ஊர்ச் சொத்து. இங்கே மையம் நடத்துபவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மேல் குறை இல்லை. அந்தத் தம்பியின் நல்ல மனசு எனக்கு வேண்டும். அது இல்லாமலும் என் பட்டாவை நான் எடுக்க முடிய வேண்டும்.

தமிழுக்கே உரிய தொந்தரவு ஒன்று உண்டு. இதை வெளியூர் நிபுணர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால் உங்கள் கண்ணுக்கு 'வணக்கம்' என்று தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். அதன்மேல் தமிழ் முகமூடி மாட்டியிருக்கிறீர்கள். திரைவாசிப்பான் முகமூடியைப் பார்க்காதே. எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொன்னால் உங்கள் வணக்கத்தை அது எப்படிச் சொல்லும் தெரியுமா? 'டி, இஸட், எஃப், செமிகோலன், எஃப், கே, செமிகோலன்.' இதற்கு நான் திரும்ப என்ன வணக்கம் சொல்வது? முகமூடி இல்லாமல் உள்ளேயும் தமிழ் எழுத்தாகவே இருக்கும் முறைக்கு யூனிகோடு என்று பெயர். தமிழ்நாடு அரசு அதை ஏற்று ஆணை போட்டது 2010-ல். இன்றைக்கும் அச்சகத்திலிருந்து வரும் கோப்புகளில் இந்த டி, இஸட் ஓயவில்லை. இன்னொரு கூட்டம் அதைவிட மோசம்: அறிவிப்பைத் தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள். கொள்ளிடத்தில் தண்ணீர் கூடுகிறது, கரையோரம் போகாதீர்கள் என்ற எச்சரிக்கை ஒருமுறை எனக்கு அப்படித்தான் வந்தது. என் போன் 'படம்' என்றது.

வங்கிச் செயலியில் முகம் சரிபார்க்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். 'கேமராவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டவும்' என்றது. சிமிட்டினேன். 'கண் தெரியவில்லை' என்றது. அதைத்தானப்பா நானும் சொல்கிறேன்!

இதே மாதிரிச் சிக்கலோடு பார்வையற்ற ஒருவரும் ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பு வந்தது. டிஜிட்டல் சேவைகளைப் பெறுவது, அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் சொல்லி, 20 உத்தரவுகளும் போட்டது. அதற்கு முன்பே, 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. அதன் விதிகள் வெறும் பரிந்துரை போல இருக்கின்றன, கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. உலக அளவில் இணையதளங்களுக்கான அணுகல் வழிகாட்டு நெறிகள் 1999-லேயே வந்தாயிற்று. இங்கே இருக்கிற மாணவர்கள் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் நாம் என்ன கேட்போம்? கடைமடைக்கு வந்ததா என்றுதானே கேட்போம். டெல்லியில் திறந்ததையும் நான் அப்படித்தான் கேட்கிறேன்.

தண்டியடிகள் கதையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அவர் வேலை பிடிக்காதவர்கள் வந்து தறியையும் கயிற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அவர்களாவது வேண்டுமென்று செய்தார்கள். நேற்றுவரை நன்றாகப் பேசிய செயலி, ராத்திரி அப்டேட் ஆகி, காலையில் பட்டன், பட்டன் என்கிறதே, அதைச் செய்தவருக்குத் தான் கயிற்றைப் பிடுங்கினோம் என்பதே தெரியாது. புதிய வடிவம் அழகாக வந்திருக்கிறது என்று கேக் வெட்டியிருப்பார்.

தெரியாமலே நல்லதும் நடக்கிறது. டீக்கடையில் பணம் வந்ததும் தொகையைச் சொல்லும் பெட்டி இருக்கிறதே, அதைச் செய்தது கடைக்காரருக்காக. கைவேலையாக இருக்கும்போது போனை எடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று. 'பதினைந்து ரூபாய்' என்று அது சொல்லும்போது, நான் நூற்றைம்பது அனுப்பிவிடவில்லை என்று எனக்கும் நிம்மதி. எனக்காகச் செய்யாத பொருளில் எனக்குக் கிடைத்த கயிறு அது.

மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றைக்கு ராத்திரி உங்கள் போனில் டாக்பேக்கை ஓடவிட்டு, திரைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, தஞ்சாவூருக்கு ஒரு ரயில் டிக்கெட் எடுத்துப் பாருங்கள். நீங்களே செய்த செயலி இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், டாக்பேக் ஓடும்போது ஒரு தட்டு தட்டினால் பெயரைச் சொல்லும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் அதை அணைக்க முடியாமல் திண்டாடியவர்கள் நிறைய. சத்தம் கூட்டுகிற, குறைக்கிற இரண்டு பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். அப்படியும் அணையவில்லையா, போனை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வாருங்கள். திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பேன், அணைத்துத் தருகிறேன். டீ நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.