கரியாகிப் பிழைத்த பூக்கள்

பூ என்றதும் நிறமும் மணமும்தான் ஞாபகம் வரும். நான் இன்று பேச வந்தது கரிப்பூவைப் பற்றி. தெற்கு ஸ்வீடனில் சுமார் 8 கோடி ஆண்டு பழைய மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சலித்தபோது, எல்ஸ மரீ ஃப்ரீஸ் என்ற தாவரவியலாளருக்கும் அவருடைய சகாவுக்கும் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே இருந்த கறுப்புத் துணுக்குகள் கிடைத்தன. 1981ல் அதைப் பற்றி எழுதினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இதழ், மகரந்தத்தாள், சூலகம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கின்றன! காட்டுத்தீயில் காற்று போதாமல் கருகிய பூ கரியாகிவிடுகிறது. கரியை நுண்ணுயிர்கள் தின்பதில்லை, அதனால் அது மக்காமல் மண்ணுக்குள் அப்படியே கிடந்துவிட்டது.

டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தின் கடைசிக் கட்டமான கிரெட்டேசியஸ் காலத்தில் துருவங்களில்கூடக் காடு இருந்தது, அடிக்கடி தீப்பிடித்தது. பூக்கும் தாவரங்கள் எழுந்தது அந்தக் காலத்தில்தான்.

பாறைகளில் புதைபடிவங்களாக அவை திடீரென்று வந்து நிற்பது டார்வினை ரொம்பவே உறுத்தியது, 1879ல் தாவரவியலாளரான நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் வெறுக்கத்தக்க மர்மம் என்றே சொன்னார். இப்போது மகரந்தத் துகள்களை வைத்துச் சுமார் 13.5 கோடி ஆண்டுவரை போக முடிகிறது. ஆரம்பத்தில் அவை ஒன்றும் காட்டை ஆளவில்லை. ஸ்பெயினில் புதைபடிவமாகக் கிடைத்த மான்ட்செக்கியா என்ற ஆரம்பகாலப் பூக்கும் தாவரம் தண்ணீருக்குள் வளர்ந்த ஒரு மெல்லிய செடி. பெரிய மரங்களெல்லாம் ஊசியிலை மரங்கள். ஆற்றங்கரை சரிந்த இடம், குலைந்த நிலம், நிழல் விழுந்த ஓரம், இப்படி மற்றவை விட்டுவைத்த இடங்களில்தான் இவை தொற்றிக்கொண்டன என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே பிழைக்க வேகம் வேண்டும். பைன் மரத்தில் மகரந்தம் வந்து சேர்ந்து கருவுற ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், பூக்கும் செடிகள் பலவற்றில் சில மணி நேரத்திலோ சில நாளிலோ முடிந்துவிடும்.

ஆனால் நாம் பூவையே பார்த்துக்கொண்டு இலையை மறந்துவிடுகிறோம், எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் ஓடும் நரம்புகளை அளந்தால் மற்ற தாவரங்களில் 2 மில்லிமீட்டர் நீளம் தேறும், பூக்கும் தாவரங்களில் சராசரியாக 8. முதலில் இவற்றுக்கும் குறைவாகத்தான் இருந்தது, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் கூடுகிறது. நரம்பு நெருங்கினால் தண்ணீர் வேகமாக வரும், இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்து கரியமில வாயுவை வாங்கலாம், அப்புறம் அந்தத் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் சேரும். வெப்பமண்டலக் காடுகள் தங்களுக்கான மழையில் ஒரு பங்கைத் தாங்களே உண்டாக்கிக்கொள்வது இந்த வழியில்தான். சூழல் செடியை மாற்றியது சரி, செடியும் திரும்பச் சூழலை மாற்றியிருக்கிறது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து, டைனோசர்களோடு பல தாவர வகைகளும் அழிந்தன. கொலம்பியாவில் கிடைத்த புதைபடிவ இலைகளையும் மகரந்தத்தையும் பார்த்தால், அதற்கு முன் அங்கே ஊசியிலை மரங்களும் கலந்து, வெளிச்சம் தாராளமாக உள்ளே விழும் காடு. அழிந்த தாவர வகைகளின் எண்ணிக்கை ஈடாகவே சுமார் 60 லட்சம் ஆண்டு ஆனது. திரும்பி எழுந்தது வேறு காடு: பூக்கும் மரங்களே நெருங்கி நின்று மேலே கூரையாக மூடிய மழைக்காடு, அவரைக் குடும்பத்து மரங்களும் சேர்ந்து.