நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி சீசனில் ஒரே கச்சேரியைக் கேட்டுவிட்டு வெளியே வரும் இரண்டு பேர் ஒரே அபிப்பிராயத்தோடு வந்து நான் பார்த்ததே இல்லை. ஒருவர் "பைரவி ராகத்துல உருக்கிட்டார்" என்பார். பக்கத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவர் "அது பைரவியா? வார்ம் அப் பண்ற மாதிரி இருந்தது" என்பார். இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பாடகன் இல்லை, விமர்சகன் இல்லை. டிக்கெட் வாங்கியும், டிக்கெட் இல்லாத மதியக் கச்சேரிகளுக்கு முன்கூட்டியே போய் இடம் பிடித்தும் கேட்கிற ஆள். அப்படிப் பல வருஷம் கேட்டதில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. யார் கச்சேரியைப் பற்றி அபிப்பிராயம் சொன்னாலும், உடனே நான் கேட்பது: "நீங்கள் எங்கே உட்கார்ந்திருந்தீர்கள்?"

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

சண்டை ஒன்றும் புதிதில்லை. 1927இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்துதான் 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது, டிசம்பர் விழா வளர்ந்தது. அந்தக் காலத்திலேயே கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளை விமர்சித்துக்கொண்டிருந்தார். அப்புறம் விமர்சகர் சுப்புடு வந்தார். அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கக் காலையில் பேப்பரைப் பிரித்தவர்கள் எத்தனையோ பேர். பாடகர்களை வைத்து ஜி.என்.பி. கட்சி, மதுரை மணி கட்சி, செம்மங்குடி கட்சி என்று வீட்டுக்குள்ளேயே பிரிந்து நின்றார்கள். ஆகவே நாம் சண்டை போடுவதில் தப்பில்லை, பாரம்பரியம் இருக்கிறது. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்பதுதான் பல நேரம் தெரிவதில்லை.

படம் போட்டுக் காட்ட வானொலியில் வழியில்லை. அதனால் நீங்கள் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பாடகர். உங்கள் வலது பக்கம் வயலின். இடது பக்கம் மிருதங்கம். மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது கணீரென்று பேசுகிற முகம், சபையைப் பார்த்து இருக்கும். மிருதங்க வித்வான், பழனி சுப்பிரமணிய பிள்ளை போல இடதுகைக்காரராக இருந்தால் வயலினும் மிருதங்கமும் இடம் மாற வேண்டும். அந்தக் காலத்தில் இதற்கே முகம் சுளித்த வயலின் வித்வான்கள் உண்டு. மற்றபடி நான் சொன்ன ஏற்பாடுதான்.

இப்போது நீங்கள் இடது பக்கம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? மிருதங்கம் உங்களுக்காகவே வாசிக்கப்படுகிறது. சபாவின் பெரிய ஸ்பீக்கர்கள் பக்கவாட்டில், தலைக்கு மேலே இருந்து பின்வரிசைக்காரர்களைப் பார்த்துப் பேசுகின்றன. உங்களுக்கு வருவது பெரும்பாலும் மேடையின் நேர்ச் சத்தம். அதில் மனிதக் குரல் மிருதங்கத்தோடு எப்படிப் போட்டி போடும்?

என் மாமா ஒருவர், அம்மாவின் தம்பி, இப்படித்தான் ஒரு டிசம்பரில் இடது பக்கம் முன்வரிசையில் மாட்டிக்கொண்டார். டிக்கெட் மூன்றும் தனித்தனியாகத்தான் கிடைத்தது. என் நண்பர் பால்கனியில். நான் ஹாலின் நடுவில், சவுண்ட்காரர் மேஜைக்குப் பக்கத்தில். அன்றைக்குப் பிரதான ராகம் காம்போதி. முடிந்ததும் கேன்டீன் கியூவில் மூன்று பேரும் சேர்ந்தோம்.

மாமா டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டே ஆரம்பித்துவிட்டார். "பாட்டு எங்கடா கேட்டது? அவர் கீழே போய் ஒரு ஸ்வரத்துல நிக்கிறார், இந்த மிருதங்கக்காரர் மேல போட்டு மூடறார்."

நண்பருக்கு ஆச்சரியம். "மிருதங்கமா மாமா? பாவம், அவர் தடவிக் கொடுக்கிற மாதிரி வாசிச்சார். இன்னும் கொஞ்சம் வாசிச்சிருக்கலாம்னு எனக்கு இருந்தது."

அவ்வளவுதான். மாமா மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரைப் பேச்சுக்குள் இழுத்தார். நண்பர் பழனி சுப்பிரமணிய பிள்ளையை இழுத்தார். தஞ்சாவூர் பாணி ஒரு பக்கம், புதுக்கோட்டைப் பாணி இன்னொரு பக்கம். பாட்டுக்கு எப்படி வாசிக்க வேண்டும், பல்லவிக்கு எப்படி வாசிக்க வேண்டும் என்று பெரிய தத்துவ விசாரணை. காபி ஆறிப்போச்சு. ஒருவர் காதுக்கு எதிரே வலந்தலையும், இன்னொருவர் காதுக்கு அது எட்டாத தூரமும் இருந்தது என்பது அந்த விசாரணையில் வரவே இல்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். மறுநாள் அதே சபா. வேறு பாடகர், ஆனால் அதே மிருதங்க வித்வான். சீசனில் பக்கவாத்தியக்காரர்கள் அப்படித்தான், யார் பாடினாலும் மேடையில் இருப்பார்கள். அன்றைக்கு மாமாவுக்குக் கிடைத்தது பால்கனி. நண்பருக்கு, வர முடியாமல் போன யாரோ ஒருவருடைய முன்வரிசை டிக்கெட்.

கச்சேரி முடிந்தது. நண்பர் காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "என்ன மாமா, இன்னிக்கு இவர் இப்படிப் போட்டு அடிச்சிட்டார்!" மாமா மாடிப்படி இறங்கி வந்தவர் வருத்தமாகத் தலையாட்டினார். "நேத்து நான் சொன்னதை யாரோ அவர்கிட்ட போய்ச் சொல்லிட்டாங்க போலிருக்கு. பாவம், ரொம்ப அடக்கிட்டார். இவ்வளவு அடக்கணும்னு நான் சொல்லலையே!"

இரண்டு நாளும் மிருதங்கம் ஒன்றுதான் நேயர்களே. நாற்காலிதான் மாறியது. நான் நடுவில் உட்கார்ந்து கேட்டவரை அவர் இரண்டு நாளும் அளவாகத்தான் வாசித்தார். இதை அவர்களிடம் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து என்னோடு சண்டைக்கு வந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

சரி, சவுண்ட்காரர் மேஜை என்றேனே, அங்கே உட்கார்ந்தால் இன்னொரு நாடகம் பார்க்கலாம். மேடையில் கலைஞர்களைப் பார்த்துச் சின்னச் சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். அவர்கள் தங்களையே கேட்டுக்கொள்வதற்காக. ஃபீட்பேக் என்பார்கள். முதல் உருப்படியான வர்ணம் பாதி போகும்போதே பாடகர் அந்தப் பெட்டியைக் காட்டி, ஆள்காட்டி விரலை மேலே தூக்குவார். ஏத்துங்க என்று அர்த்தம். சவுண்ட்காரர் ஏற்றுவார். பாடகர் சத்தம் ஏறியதும் வயலின்காரருக்கு வயலின் கேட்காது. வில்லை நிறுத்தாமலே தாடையால் ஒரு ஜாடை. அதுவும் ஏறும். பிறகு மிருதங்கம், பிறகு கடம். அந்தச் சுற்று முடிந்ததும் பாடகர் மறுபடி விரலைத் தூக்குவார். மூன்றாவது கிருதிக்குள் ஹாலில் எல்லாமே உரத்துப் போயிருக்கும், முதல் வரிசைப் பெரியவர் காதில் பஞ்சு வைத்திருப்பார். பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று பிடிவாதமாக இருந்தவர். இந்த விரல் ஜாடைகளைப் பார்க்கும்போதெல்லாம் அவர் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் உட்காரும் ஹாலில் மைக் இல்லாமல் தம்புரா யாருக்குக் கேட்கும்? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற வழக்கு இது. தீர்ப்பு சொல்ல நான் தயாரில்லை.

பால்கனிக்கு அடியில் இருக்கும் வரிசைகளைப் பற்றித் தனியாகவே பேசலாம். கூரை தாழ்வாக இருப்பதால் ஹாலின் மேல்பகுதியில் சுழன்று வருகிற நாதம் அங்கே முழுசாக வந்து சேராது. சத்தம் மங்கலாகக் கேட்கும், சாகித்யத்தின் எழுத்துகள் மழுங்கும். அங்கே உட்கார்ந்து கேட்டுவிட்டு, "உச்சரிப்பு சரியில்லை, தெலுங்கைக் கடிச்சுத் துப்பறார்" என்று சொல்பவரிடம் நான் என்ன சொல்ல?

தூரத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். பெரிய ஹாலின் கடைசி வரிசை மேடையிலிருந்து 34 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பாட்டு பத்தில் ஒரு நொடி தாமதமாக வருகிறது. பாடகர் தொடையில் போடும் தாளத்தையோ கண் உடனே பார்த்துவிடும். மெதுவாகப் போகும் விளம்ப காலக் கிருதியில் இது தெரியாது. வேகமான மேல்காலத்தில் ஸ்வரம் பொழியும்போது, நொடிக்கு எட்டு ஸ்வரம் என்றால், பத்தில் ஒரு நொடி என்பது கிட்டத்தட்ட ஒரு ஸ்வரம். கோர்வை, அதாவது கணக்காகக் கோத்த ஸ்வரக் கட்டு, முடிந்து, பாட்டு தொடங்கும் எடுப்பில் வந்து விழுகிற இடத்தில் கடைசி வரிசைக்காரர், "கை ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்" என்பார். பாடகர் மேல் குற்றமே இல்லை.

காதும் ஒன்றல்ல. வயது ஏற ஏற உயர்ந்த அதிர்வெண்கள்தான் முதலில் குறைகின்றன. வயலினின் மேல்ஸ்தாயி மினுமினுப்பு, தம்புராவின் ஜீவா என்கிற ரீங்காரம், இதெல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. "இந்தக் காலத்து வயலின்ல அந்த இனிமை இல்லை" என்று பெரியவர்கள் சொல்வதில் எத்தனை பங்கு இந்தக் காலத்து வயலினுடையது என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாமா இதைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

இடத்துக்கு அடுத்தது, மனசுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கச்சேரி. வீட்டில் பழைய பதிவு ஒன்று இருக்கும். மதுரை மணி ஐயரின் ஸ்வரம், ஜி.என்.பி.யின் மின்னல் வேகப் பிருகா. அந்தப் பதிவு ஏன் இத்தனை வருஷம் பிழைத்தது? நன்றாக இருந்ததால். ஆயிரம் கச்சேரியில் சுமாராக அமைந்தவற்றை யாரும் ஸ்பூல் டேப்பில் காப்பாற்றி, கேசட்டுக்கு மாற்றி, பேரனிடம் கொடுப்பதில்லை. ஆக, அவர்களுடைய மிகச் சிறந்த ராத்திரியை, இன்றைக்கு ஒரு இளம் பாடகியின் சாதாரணச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக் கச்சேரியோடு ஒப்பிடுகிறோம். அந்தப் பெண் காலையில் இன்னொரு சபாவில் பாடிவிட்டு, பனிக்காற்றில் தொண்டை கட்டி வந்திருப்பாள். எந்தக் கோர்ட்டிலும் இது செல்லாது.

இன்னொரு வகை ரசிகர் இருக்கிறார். அவர் கச்சேரியையே துண்டு துண்டாகக் கேட்பவர். நாலு மணிக்கு ஒரு சபா, ஆறரைக்கு இன்னொன்று, நடுவில் ஆட்டோ. தனி ஆவர்த்தனம், அதாவது மிருதங்கமும் கடமும் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பித்தால் எழுந்துவிடுவார். பாதி ஹாலே எழுந்துவிடும். கேன்டீனில் அடை சாப்பிட்டுவிட்டு, கடைசியில் பாடும் சின்னப் பாட்டுகளான துக்கடாவுக்குத் திரும்பி வந்து, "தனி ரொம்ப நீளம்" என்பார். எப்படித் தெரியும்? அடை முடிந்தும் தனி முடியவில்லையாம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வர்ணத்தில் தொடங்கி, சின்ன உருப்படிகள், நடுவில் ஒரு கனமான ராகம், பல்லவி, கடைசியில் துக்கடா என்று சாப்பாட்டுப் பந்தி போலக் கச்சேரியை வகுத்து வைத்தார். நடுவில் எழுந்து போனவர் சாம்பாருக்கும் பாயசத்துக்கும் மட்டும் உட்கார்ந்தவர். அவரிடம் விருந்து எப்படி என்று கேட்டால் என்ன பதில் வரும்? ஆனால் அவர்தான் வெளியே வந்ததும் முதலில் பேசுகிறார். குரலும் அவருக்குத்தான் பெரிசு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார். நான் இன்னும் முக்கியமான இடத்துக்கே வரவில்லை. வானொலி நேயர்களைப் பற்றியும், இணையத்தில் கேட்பவர்களைப் பற்றியும் நிறையக் குறித்துக்கொண்டு வந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1954இலிருந்து ஆகாசவாணி நடத்தும் சங்கீத சம்மேளனத்தை ஹாலில் கேட்டவரும் வீட்டில் கேட்டவரும் ஒரே கச்சேரியைக் கேட்கவில்லை. வீட்டில் இருப்பவருக்கு மைக் பாடகரின் வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. மூச்சு வாங்குவது கூடக் கேட்கும். ஹாலில் முதல் வரிசைக்கும் அது கிடையாது. 2020இல் நோய்த்தொற்றால் ஹால்கள் மூடி, சீசன் இணையத்துக்குப் போனபோது எல்லோருக்கும் ஒரே நாற்காலி கிடைத்தது. சண்டை குறைந்ததா என்றால், அதுதான் இல்லை. ஒருவர் ஹெட்போனில் கேட்டார், இன்னொருவர் செல்போனை டம்ளருக்குள் நிறுத்தி வைத்துக் கேட்டார். அதைப் பற்றி விரிவாகப் பேச ஆசை, நேரமில்லை. தமிழ்ப் பாட்டு எத்தனை பாடினார் என்று எண்ணுகிறவர்களைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய காலத்துச் சண்டை அது. அதைத் தொட்டால் இந்த நிலையத்தையே இன்னும் ஒரு மணி நேரம் குத்தகைக்கு எடுக்க வேண்டும். விட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. இந்த வருஷம் டிக்கெட் வாங்கும்போது வரிசைப் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். நடு வரிசை, நடு இருக்கை, பால்கனியின் நிழல் விழாத இடம். விலை கொஞ்சம் கூட இருந்தாலும் பரவாயில்லை. மாமாவுக்கும் அப்படித்தான் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். போன வாரம் போய்விட்டு வந்து, மிருதங்கம் பிரமாதம், வயலின்தான் சரியில்லை என்கிறார்.

வணக்கம்.