காலையில் ஆன் ஆகாத கம்ப்யூட்டர், மதியம் மட்டும் ஓடுவது ஏன்?

வணக்கம். இன்றைக்கு முதலில் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கிச் சொல்கிறேன். வீட்டிலிருந்தபடியே சிறு விவசாயிகளின் பச்சைத்தேயிலைக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிறார். பழைய டெஸ்க்டாப். மழை முடிந்து பனி தொடங்கியதிலிருந்து காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடுகிறது. ஐந்தாறு தடவை அழுத்தினால்தான் பிடிக்கிறது. பிடித்தாலும் தேதி தப்பாகக் காட்டுகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. சில நாள் பாதியில் நீலத் திரை வருகிறது, அதில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து. பதினோரு மணிக்கு மேல் போட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அங்கே வைத்துப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மலை ஏறி வந்த மறுநாள் காலையில் பழையபடி ஆகிவிட்டது. உள்ளூரில் இன்னொருவர் மதர்போர்டு போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று சொல்கிறார்: "இடிக்குப் பயந்து தினமும் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்." மதர்போர்டு வாங்கட்டுமா தம்பி என்பதுதான் கேள்வி.

இப்போது வாங்க வேண்டாம் அக்கா. நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் பாதி விடை இருக்கிறது. மீதிப் பாதி, உங்கள் வீடு இருக்கும் உயரத்தில் இருக்கிறது.

உயரம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இதைப் பலரும் கேட்கிறார்கள். மலை உயரத்தால் கம்ப்யூட்டர் கெடாது. பொதுவாக ஹார்டு டிஸ்க்குகள் 3000 மீட்டர் உயரம் வரை ஓடும்படி செய்யப்பட்டவை. நம் தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான். தொந்தரவு செய்வது உயரம் கொண்டுவரும் குளிரும் ஈரமும். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் உயர வித்தியாசம். அந்த அளவு ஏறினால் வெப்பம் சுமார் பத்து டிகிரி குறையும். அதிலும் அங்கே கடை திறப்பது வெயில் ஏறிய பிறகு. நீங்கள் பட்டனை அழுத்துவது பனி விலகாத காலையில். ஆக, அந்தக் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அந்தக் கோளாறு தெரியவே வழியில்லை.

சரி, பட்டனை அழுத்தும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பிளக் போட்டு சுவிட்சைத் தட்டியதுமே, நீங்கள் பவர் பட்டனைத் தொடுவதற்கு முன்பாகவே, எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில், அதாவது கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகத்துக்கும் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியில், ஒரு சின்னப் பகுதி விழித்துக்கொள்கிறது. அது ஊதா நிற ஒயர் வழியாக 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதை ஸ்டாண்ட்பை என்பார்கள். பட்டனை அழுத்தியதும் பச்சை ஒயர் வழியாக "முழுதாக ஓடு" என்று மதர்போர்டு சொல்லும். எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட் மூன்றையும் ஏற்றி, மூன்றும் நிலையாக நின்ற பிறகு சாம்பல் நிற ஒயரில் "எல்லாம் சரி" என்று பதில் அனுப்பும். அரை நொடிக்குள் முடிந்துவிடும் வேலை இது. அந்தப் பதில் வந்தால்தான் புராசஸர் தன் வேலையைத் தொடங்கும். ஏறிய வோல்டேஜ் நிலைக்காமல் சரிந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். உங்கள் ஃபேன் அரைச் சுற்றோடு நிற்பது இந்தக் கட்டத்தில்தான்.

காலையில் மட்டும் ஏன் நிலைக்கவில்லை? எஸ்.எம்.பி.எஸ். உள்ளே மின்சாரத்தை அலைபாயாமல் வைத்திருப்பவை கெபாசிட்டர்கள். உருளை உருளையாக, அலுமினிய உறை போட்டு நிற்கும். அவற்றுக்குள் இருப்பது ஒரு திரவம். நாம் இங்கே மார்கழி, தை மாதங்களில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் காலையில் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது, அடுப்புப் பக்கத்தில் வைத்தால் இளகும். இந்தத் திரவமும் குளிரில் மந்தமாகிவிடும். கெபாசிட்டர் புதிதாக இருந்தால் அந்த மந்தத்தைத் தாங்கிக்கொள்ளும். வருடக்கணக்காக உழைத்து உள்ளே பாதி உலர்ந்துபோனது தாங்காது. ஐந்தாறு தடவை அழுத்தும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சூடேறி, கடைசியில் பிடித்துக்கொள்கிறது. மதியம் அறையே சூடாகிவிடுவதால் முதல் தடவையிலேயே ஓடுகிறது. குளிரில் கிளம்பாமல் சூட்டில் ஓடும் டெஸ்க்டாப் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது எஸ்.எம்.பி.எஸ்.ஸைத்தான். மதர்போர்டிலும் இதே மாதிரி கெபாசிட்டர்கள் உண்டு, அவையும் கெடலாம். ஆனால் விலை குறைந்ததை முதலில் பார்த்து ஒதுக்கிவிட்டு, விலை கூடியதைக் கடைசியில் பார்ப்பதுதான் முறை.

இனி அந்தப் பிளக் விஷயம். தேதி தப்பாகக் காட்டுகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவதும், பழைய மெஷின்களில் பயாஸ் (விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடும் ஆரம்ப புரோகிராம்) செட்டிங்கை நினைவில் வைத்திருப்பதும் இதுதான். பிளக் மாட்டியிருக்கும்வரை அந்த ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டே கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ளும், பேட்டரி செத்திருப்பது வெளியே தெரியாது. நீங்கள் தினமும் பிடுங்குவதால் தினமும் தெரிகிறது. பேட்டரியை இதுபோலக் காட்டிக்கொடுத்ததில் பிளக்கைப் பிடுங்கியது நல்லதுக்குத்தான்.

ஆகவே காசு செலவழிக்காமல் ஒரு சோதனை. இடி மின்னல் இல்லாத ஓர் இரவாகப் பார்த்து, பிளக்கைப் பிடுங்காமல், சுவிட்சையும் அணைக்காமல் விட்டுவிடுங்கள். பனிக்காலத்தில் இங்கே பெரும்பாலும் வானம் தெளிவாகத்தான் இருக்கும். விண்டோஸை மட்டும் வழக்கம்போல ஷட்டவுன் செய்யுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் பட்டனை அழுத்துங்கள். தேதி சரியாக இருந்தால் பேட்டரிதான் போயிருக்கிறது என்பது உறுதி. முதல் அழுத்தலிலேயே கிளம்பினால் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாட்டிக்கொண்டது, ஏனென்றால் அந்த ஸ்டாண்ட்பை பகுதி ராத்திரி முழுக்க லேசான சூட்டிலேயே இருந்திருக்கிறது. கிளம்பவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஸ்டாண்ட்பை பகுதி தப்பித்தது, பெரிய பகுதி இன்னும் சந்தேகத்தில்தான் இருக்கிறது. இது தெரிந்துகொள்வதற்கு மட்டும். இப்படியே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

உறுதிப்படுத்த நல்ல வழி, தெரிந்தவர்களிடம் நன்றாக ஓடும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை ஒருநாள் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பது. இரவே மாட்டி வைத்துவிட்டுக் காலையில் அழுத்துங்கள். மல்டிமீட்டர் வைத்திருப்பவர் இருந்தால், ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். அதைக் காலையில் அளக்க வேண்டும், மதியம் அளந்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போனதும் 325 வோல்ட் அளவுக்குப் பெரிய கெபாசிட்டரில் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அது அப்படியே இருக்கும். உப்பியிருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருந்தால் மதர்போர்டில் இருக்கும் கெபாசிட்டர்களைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, ஒவ்வொன்றின் தலையையும் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். மேடு தட்டியிருந்தாலோ, தலையில் இருக்கும் பிளவுக்கோட்டிலோ அடியிலோ பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ, அப்போது மதர்போர்டைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம், குளிரில் கிளம்பவில்லை என்பதற்காக ஹேர் டிரையரைக் காட்டுவது, ஹீட்டரை நேரே திருப்பி வைப்பது எல்லாம் வேண்டாம். சட்டென்று சூடும் குளிரும் மாறினால் போர்டில் நீர் பூக்கும். மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டிச் சூடேற்றவும் வேண்டாம். அது கம்ப்யூட்டருக்காகச் சொல்வதில்லை, உயிருக்காகச் சொல்கிறேன்.

நீலத் திரைக்கு வருவோம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எழுத்து என்றீர்கள், அது நல்ல தகவல். விண்டோஸ் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பிழைதான் திரும்பத் திரும்ப வரும். மாறி மாறி வந்தால் மின்சாரத்தையோ, மதர்போர்டில் நீளப் பட்டையாகச் செருகியிருக்கும் ரேம் என்ற நினைவகத்தையோ பார்க்க வேண்டும். உங்கள் மேசை ஜன்னல் ஓரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்டோபர், நவம்பர் மழையில் அந்த ஜன்னல் வழியாக மேகமே வீட்டுக்குள் வந்திருக்கும். ரேமின் கால்களில் ஈரமும் அழுக்கும் படிந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, ஏதாவது இரும்பைத் தொட்டுவிட்டு, ரேமின் இரண்டு பக்கக் கொக்கிகளையும் விலக்கி எடுங்கள். பொன்னிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ரப்பர் தூளைத் துடைத்துவிட்டு, கொக்கி "டக்" என்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டும் பார்க்கலாம். மேசையை ஜன்னலிலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். வெளிச்சுவர் வேண்டாம், அதுவும் ஓதம் ஏறும்.

பேட்டரி மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு. பயாஸ் திரைக்குள் போய், சாட்டா மோடு (ஹார்டு டிஸ்க்கோடு பேசும் முறை), பூட் வரிசை (எந்த டிஸ்க்கிலிருந்து முதலில் கிளம்ப வேண்டும் என்பது) இருக்கும் பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி போனதும் சில மெஷின்களில் இந்த செட்டிங் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். விண்டோஸ் போட்டபோது இருந்த சாட்டா மோடும் இப்போதிருப்பதும் வேறாக இருந்தால் "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத் திரை வரும். உடனே ஃபார்மேட் செய்யச் சொல்வார்கள். தேவையே இல்லை, மோடைப் பழையபடி மாற்றினால் ஓடும். இரண்டாவது, பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் செட்டிங் மாறும்போது 48 இலக்க ரெகவரி எண்ணைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வைத்துவிட்டுப் பேட்டரியில் கை வையுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே மதியம், மெஷின் நல்லபடியாக ஓடும்போது, தேயிலைக் கணக்கு ஃபைல்கள் அத்தனையையும் ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதைப் பிடுங்கித் தனியாக வைத்துவிடுங்கள். மெஷின் போனால் இன்னொன்று வாங்கலாம். யாருக்கு எத்தனை கிலோ இலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை மறுபடி எங்கே போய்க் கேட்பீர்கள்? எழுந்திருக்கத் தடுமாறும் எஸ்.எம்.பி.எஸ். ஒருநாள் போகும்போது ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

காலையில் வீட்டில் கீசரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது பல்பு மங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். மங்கினால் லோ வோல்டேஜும் கூட்டுச் சேர்ந்திருக்கிறது; அந்த நேரத்தில் கீசரை நிறுத்திவிட்டு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இடிக்குப் பிளக்கைப் பிடுங்கும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். இன்டர்நெட் லைன் தொலைபேசிக் கம்பி வழியாக வருவதாக இருந்தால் அந்த ஒயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். இடி அந்த வழியாகவும் வரும்.

புதிய எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது கேபினெட்டோடு இலவசமாக வரும் ரகத்தை வாங்காதீர்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும். "பிரைமரி கெபாசிட்டர் 105 டிகிரியா?" என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் அந்தப் பெரிய கெபாசிட்டர் தாங்கும் சூட்டின் அளவு அது, 85 டிகிரி ரகத்தைவிட அது நெடுநாள் உழைக்கும். மாற்றித் தருபவரிடம், மெஷினை அன்றிரவு உங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு நீங்கள் அழுத்திப் பார்த்த பிறகுதான் பணம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பேட்டரியும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மாற்றி, ரேமையும் துடைத்த பிறகும் காலையில் அடம்பிடித்தால் எனக்கு எழுதுங்கள். அப்போது மதர்போர்டைப் பார்ப்போம்.

அடுத்த கேள்வி மஞ்சூரிலிருந்து, பிரிண்டரில் காகிதம் ஈரம் கோத்துச் சிக்கிக்கொள்வதைப் பற்றியது.